முப்பத்தேழுக்கு முந்தைய வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும் நேரத்தில் வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு சபையில் சுற்றி வரும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். நமக்கு வந்ததைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வந்தது என்றும் எட்டிப் பார்ப்போம். எந்த அச்சகத்தில் அடித்த அட்டையானாலும் ரோமர் 8:37 அதில் கட்டாயம் இருக்கும்: "இவையெல்லாவற்றிலேயும் நாம் நம்மில் அன்புகூருகிறவராலே முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோமே." நாட்காட்டியில் இருக்கும். ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குச் சித்தி அனுப்பும் வாட்ஸ்அப் படத்தில், மலையுச்சியில் கையை விரித்து நிற்கும் ஒருவனோடு சேர்ந்து வரும்.

அதற்கு முந்தைய வசனம் அட்டையில் அச்சாகி நான் பார்த்ததில்லை. "உமதுநிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம், அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம்." புத்தாண்டு இரவில் இது கைக்கு வந்தால் யாராக இருந்தாலும் தட்டைத் திரும்பக் கேட்டு இன்னொன்று எடுப்பார்கள். நானும்தான்.

ரோமருக்கு இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். "இவையெல்லாவற்றிலேயும்" என்றால் எவை? 35-ஆம் வசனத்தில் வரிசையாக இருக்கிறது: உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம். பரீட்சையும் விசாவும் அதில் இல்லை. பட்டயம் என்ற சொல்லுக்குப் பின்னால்தான் ஆடுகள் வருகின்றன. ஆடுகளுக்குப் பின்னால்தான் ஜெயம் வருகிறது. அந்த ஆடுகளும் பவுலின் சொந்தக் கற்பனை கிடையாது. 44-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. அது தோற்றுப்போனவர்களின் பாட்டு.

வேதத்தில் தேவனுடைய ஜெயத்தைப் பற்றி வரும் இடங்களைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்படுவது இதுதான். அந்தப் பகுதிகளைப் பாடியவர்களும் எழுதி வைத்தவர்களும் பத்திரப்படுத்திக் கைமாற்றிக் கொடுத்தவர்களும் பெரும்பாலும் தோற்ற பக்கத்து ஜனங்கள். நாடு போனவர்கள், சிறைப்பட்டுப் போனவர்கள், அந்நிய ராயனுக்கு வரி கட்டியவர்கள். இதை விட்டுவிட்டு அதே வரிகளை ஜெயித்தவன் வாயில் வைத்தால் அவை வேறொன்றாகிவிடுகின்றன.

44-ஆம் சங்கீதத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஆரம்பம் பழம்பெருமை. எங்கள் பிதாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், அவர்கள் தங்கள் பட்டயத்தால் தேசத்தைப் பிடிக்கவில்லை, உம்முடைய வலதுகரம்தான் பிடித்துக் கொடுத்தது என்று எட்டு வசனம் போகிறது. ஒன்பதாவது வசனத்தில் பாட்டு அப்படியே திரும்பிக்கொள்கிறது. இப்போது நீர் எங்களைத் தள்ளிவிட்டீர், எங்கள் சேனைகளோடு நீர் வருவதில்லை, உம்முடைய ஜனத்தைச் சும்மா விற்றுவிட்டீர், விற்றதில் உமக்கு லாபம்கூட இல்லை. இந்தக் கடைசிக் குற்றச்சாட்டில் இருக்கிற கசப்பைக் கவனியுங்கள். விற்றதுதான் விற்றீர், நல்ல விலைக்காவது விற்றிருக்கக் கூடாதா?

வழக்கமாக இந்த இடத்தில், நாங்கள் பாவம் செய்தோம், அதனால் தோற்றோம் என்று ஒரு வரி வரும். இந்தச் சங்கீதத்தில் வராது. உம்மை மறக்கவில்லை, உடன்படிக்கையை மீறவில்லை, ஆனாலும் இதெல்லாம் நடந்தது என்று பாடுகிறவர் அடித்துச் சொல்கிறார். பிறகு, ஆண்டவரே விழித்துக்கொள்ளும், ஏன் தூங்குகிறீர் என்று கேட்கிறார். பதில் வராமலேயே சங்கீதம் முடிகிறது.

யூத மரபில் இதையொட்டி ஒரு செய்தி உண்டு. எருசலேம் ஆலயத்தில் ஊழியம் செய்த லேவியர் சிலர் நாள்தோறும் நின்று, விழித்துக்கொள்ளும் என்ற இந்த ஒரு வரியைச் சொல்லி வந்தார்களாம். 'எழுப்புகிறவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். யோகனான் என்ற பிரதான ஆசாரியர் அதை நிறுத்திவிட்டதாக யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லையே, இதென்ன பாட்டு என்று அவர் கேட்டதாக மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் விளக்குகிறது. இறையியல்படி அவர் சொன்னது சரி. ஆனாலும் பாட்டை நிறுத்தினார்களே தவிர, சங்கீதத்தை வேதத்திலிருந்து எடுக்கவில்லை. பல தலைமுறை கழித்து அந்த வரிகள் பவுலின் கைக்குக் கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

இஸ்ரவேல் என்ற பெயர் வேதத்துக்கு வெளியே முதன்முதலாகத் தென்படுவதே எதிரியின் வெற்றிக் கல்வெட்டில்தான். பார்வோன் மெர்னெப்தா ஏறக்குறைய கி.மு. 1208-இல் வெட்டுவித்த கல் அது. 1896-இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி அதை எகிப்தின் தீப்ஸில் கண்டெடுத்தார். லிபியர்களை முறியடித்த பெருமையைப் பாடிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் கானான் பக்கம் திரும்பி, இஸ்ரவேல் பாழாயிற்று, அதன் வித்து இல்லை என்கிறது. ஒரு ஜனம் உலக வரலாற்றுக்குள் நுழையும்போதே அதன் மரணச் செய்திதான் முதலில் பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது கல் மோவாபின் ராஜா மேசாவுடையது. காலம் ஏறக்குறைய கி.மு. 840. இன்றைய ஜோர்தானில் திபான் என்ற இடத்தில் 1868-இல் வெளியே தெரியவந்தது. இப்போது பாரீஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படித்தால் வேதத்தைப் படிப்பது போலவே இருக்கும். காமோஸ் தேவன் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்தார், அதனால் இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை ஒடுக்கினான். பிறகு காமோஸ் மனமிரங்கினார், போ, நேபோவைப் பிடி என்றார். மேசா இரவில் புறப்பட்டுப் போய், விடியற்காலம் முதல் மதியம்வரை யுத்தம்பண்ணி, ஊரிலிருந்த 7,000 பேரை ஆண் பெண் என்று பாராமல் தன் தேவனுக்கென்று சங்கரித்து, யெகோவாவின் பணிமுட்டுகளைக் காமோஸின் முன் இழுத்துப் போட்டான். இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்றும் அந்தக் கல் சொல்கிறது. மறுபடியும் மரணச் செய்தி.

இங்கே நாம் எரிகோவை நினைக்காமல் தாண்டிப்போக முடியாது. நேபோவில் மேசா செய்தது எதுவோ, அதைத்தான் எரிகோவில் யோசுவா செய்ததாக நம் வேதம் சொல்கிறது. ஆண், பெண், வாலிபர், கிழவர், ஆடு, மாடு. 1950-களில் எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த நகரத்தின் மதில்கள் யோசுவாவுக்கு வெகுகாலம் முன்பே, ஏறக்குறைய கி.மு. 1550-இல் விழுந்துவிட்டன என்ற முடிவுக்கு வந்தார். அதைச் சொல்லி நிம்மதியடைகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. நடந்ததோ இல்லையோ, பக்கம் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் மதில் விழும் இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் எரிகோவுக்கு நேர் முன்னால் மூன்றே வசனத்தில் ஒரு சந்திப்பு நடக்கிறது. உருவின பட்டயத்தோடு ஒருவர் நிற்கிறார். யோசுவா அவரிடம் போய், நீர் எங்களைச் சேர்ந்தவரோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ என்று கேட்கிறார். "அல்ல" என்று பதில் வருகிறது. நான் கர்த்தருடைய சேனையின் அதிபதி. இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டவருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. செருப்பைக் கழற்று என்ற கட்டளைதான் கிடைத்தது. மேசாவின் கல்லில் இப்படியொரு வரியை எதிர்பார்க்க முடியுமா? அரசன் வெட்டும் கல்லில் தேவன் எந்தப் பக்கம் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. அடுத்த ஊரான ஆயியில் இஸ்ரவேலர் தோற்று ஓடுகிறார்கள், முப்பத்தாறு பேர் சாகிறார்கள். எரிகோவின் சத்தம் அடங்குவதற்குள்.

எனக்கு மிகவும் பிடித்த ஜெயக் கதை 1 சாமுவேல் நான்கிலிருந்து ஆறுவரை இருக்கிறது. பிரசங்கத்தில் முழுதாகக் கேட்பது அரிது.

ஆப்பெக்கில் பெலிஸ்தரோடு யுத்தம். முதல் நாள் இஸ்ரவேலில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் விழுகிறார்கள். மூப்பர்கள் கூடிப் பேசுகிறார்கள். ஏன் தோற்றோம் என்ற கேள்வி அவர்கள் வாயில் சரியாகவே வருகிறது. ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சீலோவிலிருக்கிற உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவருவோம், அது நம்மை ரட்சிக்கும் என்று முடிவு செய்கிறார்கள். பெட்டி வருகிறது. கூடவே ஆசாரியரான ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் வருகிறார்கள். பெட்டியைக் கண்டதும் பாளயத்தில் பூமி அதிரும்படி ஆர்ப்பரிப்பு. பெலிஸ்தரே பயந்துபோகிறார்கள், எகிப்தியரை அடித்த தேவர்கள் வந்துவிட்டார்கள் என்கிறார்கள். ஒரு நல்ல ஜெய ஆராதனைக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது.

அன்று முப்பதாயிரம் காலாட்கள் விழுந்தார்கள். பெட்டி பிடிபட்டது. ஓப்னியும் பினெகாசும் செத்தார்கள். செய்தி கேட்ட தொண்ணூற்றெட்டு வயது ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து, பிடரி முறிந்து செத்தார். மகன்கள் இறந்த செய்திக்கு அவர் விழவில்லை. பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும்தான் விழுந்தார். நிறைமாதமாக இருந்த பினெகாசின் மனைவிக்கு வலி கண்டு, பிள்ளை பிறந்ததும், மகிமை போயிற்று என்று சொல்லி இக்கபோத் என்று பெயரிட்டுவிட்டு அவளும் போய்விட்டாள். ஒரே நாளில் ஒரு வீடே காலி.

அந்தக் காலத்தில் தேவர்கள் பிடிபடுவது புதிதல்ல. ஜெயித்த ராஜா தோற்ற ஊரின் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் தெய்வத்தின் காலடியில் வைப்பான். அசீரியாவின் சனகெரிப் கி.மு. 689-இல் பாபிலோனை அழித்தபின், அங்கே அந்த ஊர்த் தெய்வமான மார்துக்கின் சிலை திரும்ப வந்துசேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. பெலிஸ்தரும் வழக்கப்படியே பெட்டியை அஸ்தோத்துக்குக் கொண்டுபோய்த் தங்கள் தெய்வமான தாகோனின் கோவிலில் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் தாகோன் பெட்டியின் முன் முகங்குப்புற விழுந்து கிடக்கிறது. பூசாரிகள் தூக்கி நிறுத்துகிறார்கள். கதை சொல்கிறவருக்கு இங்கே சிரிப்பை அடக்க முடியவில்லை என்றே நினைக்கிறேன்: தேவனை மனுஷர் தூக்கி அதன் இடத்தில் திரும்ப வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மறுநாள் தலையும் இரண்டு கைகளும் உடைந்து வாசற்படியில் கிடக்கின்றன, உடல் மட்டும் மிச்சம். பிறகு வியாதி. பெட்டியைக் காத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கும் வியாதி. எக்ரோனுக்கு அனுப்பினால் ஊரே வாசலில் நின்று அலறுகிறது. ஏழு மாதம் இப்படிப் போனபின், கன்று போட்ட இரண்டு பசுக்களை வண்டியில் கட்டி, பெட்டியையும், பொன்னால் செய்த ஐந்து சுண்டெலிகளையும் வியாதிக் கட்டிகளின் ஐந்து உருவங்களையும் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். கன்றுகளைக் கொட்டிலில் அடைத்துவிட்டார்கள். நுகம் சுமந்தே பழகாத பசுக்கள். அவை கன்றுக்காகக் கத்திக்கொண்டே, வலமோ இடமோ திரும்பாமல் பெத்ஷிமேசுக்கு நேராக நடந்தன. அங்கே ஜனங்கள் பள்ளத்தாக்கில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஜெயத்தில் இஸ்ரவேலனின் பங்கு என்ன? ஒன்றும் இல்லை. அவர்கள் தோற்றுப்போய் வீட்டில் அழுதுகொண்டிருந்த ஏழு மாதத்தில், எதிரியின் ஊரில் தனியாகப் போய் நடந்த ஜெயம் இது. பாடுவதற்குக்கூட ஆள் இல்லை. திரும்பி வந்ததும் சந்தோஷப்பட்டார்களே, அதாவது நிலைத்ததா என்றால் அதுவும் இல்லை. பெத்ஷிமேஸ் ஊரார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, பலர் செத்துப்போய், இந்தப் பரிசுத்தமான தேவனுக்கு முன் நிற்கத்தக்கவன் யார், இவர் நம்மைவிட்டு யாரிடத்துக்குப் போவார் என்று கேட்டு அடுத்த ஊருக்கு ஆள் அனுப்புகிறார்கள். எக்ரோன்காரன் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். பெட்டியைப் பிடித்தவனாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை, சொந்த ஜனத்தாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

கோஷம் போட்டு தேவனை யுத்தகளத்துக்கு இழுத்து வரலாம் என்ற நம்பிக்கையை இதைவிடக் கடுமையாக வேதத்தில் வேறெங்கும் கேலி செய்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதையும் இஸ்ரவேலரே எழுதி வைத்தார்கள். எந்த ராஜா இதைக் கல்லில் வெட்டுவான்?

மேலே சொன்ன சனகெரிப்பின் விஷயம் இன்னும் சிக்கலானது. கி.மு. 701-இல், எசேக்கியா ராஜாவின் நாளில், யூதாவின்மேல் வந்தான். கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் அசீரியரின் பாளயத்தில் லட்சத்து எண்பத்தையாயிரம் பேரைச் சங்கரித்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. சனகெரிப் களிமண்ணில் எழுதுவித்த பதிவுகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நாற்பத்தாறு அரணான பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமில் அடைத்தேன், முப்பது தாலந்து பொன் வாங்கினேன் என்று அவன் அளக்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. இதை எடுத்துக்கொண்டு, பார்த்தாயா, வேதம் நிரூபணமாயிற்று என்று சொல்வது சுலபம்.

ஆனால் அந்த முப்பது தாலந்து பொன் நம் வேதத்திலும் இருக்கிறது. 2 ராஜாக்கள் 18-இல் எசேக்கியா, நான் குற்றம் செய்தேன் என்று ஆள் அனுப்பி, ஆலயக் கதவுகளில் இருந்த பொன்தகடுகளைக் கழற்றிக் கொடுக்கிறார். ஏசாயா புஸ்தகம் இதே கதையைச் சொல்லும்போது அந்தப் பணம் கட்டிய வசனங்களை விட்டுவிட்டது. இரண்டும் ஒரே வேதத்தில் இருப்பதால்தான் நமக்கு இது தெரிகிறது. இன்னொன்று லாகீஸ். எசேக்கியா ஆள் அனுப்பியபோது சனகெரிப் இருந்த இடம். அந்த ஊரைப் பிடித்ததைத் தன் நினிவே அரண்மனையில் ஒரு அறை முழுக்கச் செதுக்கி வைத்தான். அந்தக் கற்பலகைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கழுவேற்றப்பட்ட ஆண்கள். மூட்டைகளோடு மாட்டுவண்டியில் உட்கார்ந்திருக்கும் பெண்களும் பிள்ளைகளும். அவர்களும் யூதா ஜனம்தான், அதே கர்த்தரைத்தான் கும்பிட்டார்கள். எருசலேமுக்குத் தூதன் வந்த இரவைப் பற்றிப் பேசும் பிரசங்கத்தில் லாகீசைப் பற்றி ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நியாயாதிபதிகள் ஐந்தில் தெபொராளின் பாட்டு ஜெயித்தவர்களின் பாட்டுதான், சந்தேகமில்லை. தொள்ளாயிரம் இருப்பு ரதங்களோடு வந்த கானானியச் சேனாபதி சிசெராவைக் கீசோன் ஆறு அடித்துக்கொண்டுபோனது. தப்பி ஓடியவனை யாகேல் கூடாரத்து முளையால் கொன்றாள். வேத அறிஞர்கள் பலர் வேதத்தின் மிகப் பழைய பகுதிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். யாகேலின் காலடியில் அவன் விழுந்து கிடக்கிற வரியோடு பாட்டு முடிந்திருக்கலாம். முடியவில்லை. அடுத்த வரியில் நாம் எதிரியின் வீட்டில் இருக்கிறோம். சிசெராவின் தாய் பலகணி வழியாகப் பார்த்துக்கொண்டு, அவன் ரதம் வராமல் ஏன் தாமதிக்கிறது என்று புலம்புகிறாள். கூட இருக்கிற பெண்கள் தேற்றுகிறார்கள். அவளும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள்: கொள்ளையைப் பங்கிடுகிறார்கள் போலிருக்கிறது, ஆளுக்கு ஒன்றிரண்டு பெண்கள், சிசெராவுக்குப் பலவருணத் துணிகள்.

இது பரிதாபமா, பரிகாசமா? இரண்டாகவும் வாசித்திருக்கிறார்கள். பாடுகிறவள் தன்னை இஸ்ரவேலுக்குத் தாய் என்று சொல்லிக்கொண்டவள். அவளுக்குத் தெரியும், ரதம் வராது என்று. ஆளுக்கு ஒன்றிரண்டு பெண்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் தன் ஊர்ப் பிள்ளைகள் என்பதும் தெரியும். அதனால் இரக்கம் சொட்டுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் செத்தவனுக்கு ஒரு தாய் இருந்தாள், அவள் ஜன்னலில் நின்றாள் என்பது பாட்டில் இடம்பிடித்துவிட்டது. மூவாயிரம் ஆண்டுகளாகப் படிக்கிறவர்கள் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் கடைசி வரிக்குப் போக வேண்டியிருக்கிறது.

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். இதில் எழுதியவர்கள் யாரும் ஜெயித்த ஜனமல்ல. ரோமர் ஜெயித்தவர்கள்; அதை எப்படிக் கொண்டாடுவது என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கி.பி. 70-இல் எருசலேமை எரித்த டைட்டஸ், மறுவருஷம் தன் தகப்பன் வெஸ்பாசியனோடு ரோமில் வெற்றி ஊர்வலம் போனதை யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் விவரமாக எழுதியிருக்கிறார். ஆலயத்தின் பொன்மேசை, ஏழு கிளைக் குத்துவிளக்கு, கடைசியில் நியாயப்பிரமாணச் சுருள் எல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்வலம் ஜூப்பிட்டர் கோவிலண்டை வந்ததும் நின்றுவிட்டது. எதற்கு? யூதத் தலைவர் சீமோன் பார் கியோராவைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் செத்தார் என்ற செய்தி வர வேண்டும். வந்தது. கூட்டம் ஆரவாரித்தது. அதற்கப்புறம்தான் பலி செலுத்தினார்கள். குத்துவிளக்கைத் தூக்கிப்போகும் காட்சியை ரோமில் டைட்டஸ் வளைவில் இன்றும் பார்க்கலாம்.

இந்த ஊர்வலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கொலோசெயர் 2:15-ஐப் படித்தால் அந்த வசனம் எவ்வளவு துணிச்சலானது என்று புரியும். கிறிஸ்து துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு, வெளியரங்கமான கோலமாக்கி, அவைகளின்மேல் சிலுவையிலே வெற்றிசிறந்தார். உரியப்பட்டவரும், ஊர் பார்க்கக் கோலமாக்கப்பட்டவரும் யார் என்று எருசலேமில் அன்று நின்றவர்களைக் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள். கயிறு போட்டு இழுக்கப்படுகிறவனின் இடத்தில் நின்றுகொண்டு, ஊர்வலம் எங்களுடையது என்கிறது இந்த வசனம். பவுலும் அப்போஸ்தலரைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, நாங்கள் மரணத்துக்குக் குறிக்கப்பட்டவர்கள், உலகத்துக்கு வேடிக்கையானோம் என்றே எழுதுகிறார். ரதத்தில் நிற்கிறவன் அப்படிப் பேச மாட்டான்.

வெளிப்படுத்தின விசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் யோவான் மிகவும் அழுகிறார், புஸ்தகத்தைத் திறக்க ஒருவரும் இல்லை என்று. ஒரு மூப்பர், அழவேண்டாம், யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறார் என்கிறார். யோவான் பார்க்கிறார். நிற்பது ஆட்டுக்குட்டி, அதுவும் அடிக்கப்பட்ட அடையாளத்தோடு. இதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அதிகம் சொல்லப்படாத ஒன்று உண்டு: கிறிஸ்துவைச் சிங்கம் என்று அந்தப் புத்தகம் மறுபடி சொல்வதே இல்லை. சிங்கத்தின் வாய் பதின்மூன்றாம் அதிகாரத்தில் மிருகத்துக்குப் போய்விடுகிறது. அதே அதிகாரத்தில் அந்த மிருகம் பரிசுத்தவான்களோடு யுத்தம்பண்ணி அவர்களை ஜெயிக்கவும் செய்கிறது. மறைக்கவில்லை, ஜெயிக்கிறது என்றே எழுதியிருக்கிறது. மரணம் நேரிடுகிறதாயிருந்தும் தங்கள் ஜீவனைப் பாராமல், மிருகத்தின் பின்னால் நிற்கும் சாத்தானை அவர்கள் ஜெயித்ததாகப் பன்னிரண்டாம் அதிகாரம் சொல்கிறது. ஒரே சம்பவம்தான், இரண்டு பக்கமும் தாங்கள் ஜெயித்ததாகச் சொல்கின்றன.

ஆனாலும் இந்தப் புத்தகத்தை நாம் ரொம்பவும் மென்மையாக்கிவிடக் கூடாது. பதினான்காம் அதிகாரத்தில் இரத்தம் குதிரைகளின் கடிவாள உயரத்துக்கு ஓடுகிறது. பத்தொன்பதில் வெள்ளைக்குதிரைமேல் வருகிறவரின் வஸ்திரம் யுத்தம் தொடங்குமுன்பே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. அது அவருடைய சொந்த இரத்தமா, ஏசாயா 63-இல் வருவது போல எதிரிகளுடையதா என்று வியாக்கியானக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நான் முதல் பக்கம் சாய்கிறவன். அவருடைய பட்டயம் வாயிலிருந்து வருகிறது; பின்னால் வரும் சேனைகள் வெண்வஸ்திரத்தில் வருகின்றன, ஒருவர் கையிலும் ஆயுதம் இருப்பதாகச் சொல்லவில்லை. ஆனாலும் முடிவில் பறவைகள் பிணங்களைத் தின்று திருப்தியாகின்றன. நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த வசனம் போய்விடாது.

312-ஆம் ஆண்டு அக்டோபர் 28-இல் ரோமுக்கு வெளியே மில்வியன் பாலத்தண்டை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஜெயித்தார். வானத்தில் அடையாளம் கண்டார், இதைக்கொண்டு ஜெயி என்ற சொல்லைப் பெற்றார் என்கிறார் சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ். அதற்குப் பிறகு ரதத்தில் நிற்கிறவர்கள் நம் வசனங்களைப் படிக்கத் தொடங்கினார்கள். அதன் விளைவுகளை எழுதத் தனிப் புத்தகமே வேண்டும், இங்கே வேண்டாம். ஒரு சின்ன விஷயம் மட்டும்: 315-இல் அவருக்காக எழுப்பிய வளைவில் சிலுவை கிடையாது, "தெய்வத்தின் ஏவுதலால்" ஜெயித்தார் என்று பொதுவாக வெட்டியிருக்கிறார்கள். எந்தத் தெய்வம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற சாமர்த்தியம்.

பவுல் ரோமருக்கு எழுதியது ஏறக்குறைய 57-ஆம் ஆண்டில், கொரிந்துவிலிருந்து. அப்போது அவர் ரோமைப் பார்த்ததே இல்லை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பயணத் திட்டம் இருக்கிறது: எருசலேமிலுள்ள ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஸ்பானியாவுக்குப் போகிற வழியில் உங்களைப் பார்ப்பேன். யூதேயாவில் இருக்கிற அவிசுவாசிகளிடமிருந்து நான் தப்ப ஜெபம் பண்ணுங்கள் என்றும் கேட்கிறார். தப்பவில்லை. எருசலேமில் பிடித்தார்கள், செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் வைத்தார்கள், யூலியு என்ற நூற்றுக்கு அதிபதியின் பொறுப்பில் மற்றக் கைதிகளோடு கப்பல் ஏற்றினார்கள், கப்பல் மெலித்தா தீவில் உடைந்தது.

அந்தக் கடிதத்தைப் படித்திருந்த ரோமின் சகோதரர்கள் செய்தி கேள்விப்பட்டு, சிலர் அப்பியுபுரம் வரைக்கும் சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வந்தார்கள். அப்பியுபுரம் ரோமிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் நடந்துபோய் ஒரு விசாரணைக் கைதியை வரவேற்றிருக்கிறார்கள். பவுல் அவர்களைக் கண்டு தைரியமடைந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா எழுதுகிறார். பிறகு ஒரு சேவகன் காவலிருக்க, வாடகை வீட்டில் இரண்டு வருஷம். இராயன் முன் இருந்த அந்த வழக்கில் அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பதை லூக்கா சொல்லவே இல்லை.